வணக்கத்தை எடுத்துக்கொண்ட வீடு

பிட்டிலியானோ
1912 செப்டம்பர் 10

எவாரிஸ்தோ அவர்களுக்கு,

'நீ' என்று எழுதிப் பழகிய கை இன்று 'நீங்கள்' என்று எழுதுகிறது. என் அண்ணன் ஃபோஸ்கோ எதிரே உட்கார்ந்திருக்கிறான். அவன் சொல்லித்தான் எழுதுகிறேன் என்று நினைத்துவிட வேண்டாம். என் வயிறு எரிந்து எழுதுகிறேன்.

காய்ச்சல் பருவம் வருகிறது, சமவெளியில் இருக்காதே என்று ஜூன் மாதம் என்னைப் பிள்ளை வயிற்றோடு இங்கே மேட்டுக்கு அனுப்பிவைத்தீர்கள். சரி என்று வந்தேன். பெண் குழந்தை பிறந்தது. அவள் இன்னும் தகப்பன் முகம் பார்க்கவில்லை. எஜமானின் குதிரைக் குட்டிகளை ஓட்டிக்கொண்டு மாதா திருநாள் சந்தைக்கு வருகிறீர்கள் என்று கேள்விப்பட்டதிலிருந்து எனக்குக் கால் தரையில் பாவவில்லை. குழந்தைக்குப் புதுக் குல்லாய் போட்டுத் தூக்கிக்கொண்டு நீரூற்றுப் பக்கம் நின்றேன். ஃபோஸ்கோவும் அண்ணியும் கூட நின்றார்கள். தெருவே பார்த்துக்கொண்டிருந்தது.

நீங்கள் உங்கள் குதிரை மோரா மேல் ஏறி வந்தீர்கள். கையை நீட்டியிருந்தால் அவள் பிடரியைத் தொட்டிருப்பேன். நீங்கள் திரும்பவில்லை. தொப்பிக்குக் கை போகவில்லை. கூப்பிடலாம் என்று வாயெடுத்தேன். ஃபோஸ்கோ என் தோளை அழுத்தினான். "நில்லுடி. அவனாப் பாக்குறானான்னு பாப்போம்" என்றான். நீங்கள் எங்களைக் கடந்து போய், நேர் எதிரே வந்த வரி வசூல்காரருக்குத் தொப்பியைத் தூக்கிப் பல்லைக் காட்டினீர்கள். அண்ணி அழுதுவிட்டாள். எனக்கு அழுகைகூட வரவில்லை.

சாயங்காலம் கதவைத் தட்டினீர்களே, அப்போது ஃபோஸ்கோ உள்ளிருந்து சொன்னான்: "இந்த வீட்டுல உனக்கு வணக்கம் கெடையாது. எடுத்தாச்சு, போ." அது என் பேச்சும்தான். வணக்கத்தை எடுத்துவிட்டால் என்ன அர்த்தம் என்று உங்களுக்கு நான் சொல்லித் தர வேண்டியதில்லை. எதிரே பார்த்தாலும் பார்க்காதது போல, கூப்பிட்டாலும் கேட்காதது போல. எங்கள் குடும்பத்தில் யாரும் இனி உங்களுக்கு வாய் திறக்க மாட்டார்கள்.

இசோலினா

*

சமவெளி, எஜமான் பண்ணை
செப்டம்பர் 16

என் இசோலினா,

உன் கடிதத்தை எத்தனை தடவை படித்தேனோ தெரியாது. கதவுக்கு வெளியே நின்றபோது எனக்கு ஒன்றுமே புரியவில்லை. இப்போதுதான் புரிகிறது.

சத்தியமாக நான் உன்னைப் பார்க்கவில்லை. குட்டிகள் மிரண்டுபோயிருந்தன. அந்தச் செம்பட்டைக் குட்டி யாரையாவது உதைத்துவிடுமோ என்று அதன் மேலேயே என் கவனம். சந்தை இரைச்சல் வேறு. தப்பு என்னுடையதுதான், ஆனால் நீ நினைக்கிற தப்பு இல்லை. ஃபோஸ்கோவிடம் சொல். நான் வேண்டுமானால் அவன் வாசலில் எல்லோரும் பார்க்கத் தொப்பியைக் கழற்றி நிற்கிறேன்.

காய்ச்சல் பருவம் முடிந்து எல்லாரும் இறங்கி வருகிறபோது அக்டோபரில் நீயும் குழந்தையைக் கூட்டிக்கொண்டு வந்துவிடு. தள்ளிப்போடாதே. அவள் யாரைப் போல இருக்கிறாள் என்று ஒரு வரி எழுதக்கூடாதா? மூக்கு உன்னுடையதா? என் அம்மாவுக்கு இருந்த மாதிரி தாடையில் குழி இருக்கிறதா? எனக்கு அவளைப் பார்த்தாக வேண்டும், இசோலினா. இதைவிட எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை.

உன் எவாரிஸ்தோ

*

பிட்டிலியானோ
செப்டம்பர் 24

எவாரிஸ்தோ அவர்களுக்கு,

குட்டி மிரண்டதாம். நாற்பது எருமைகளை ஒற்றைக் கோலால் திருப்புகிறவருக்கு ஒரு குட்டியைச் சமாளிக்கத் தெரியவில்லையாம். யார் காதில் பூச்சுற்றுகிறீர்கள்?

உங்களோடு பண்ணையில் வேலை செய்கிற நான்னியின் பெண்டாட்டி மருந்து வாங்க மேலே வந்திருந்தாள். அவள் மறைக்கிற ஆள் இல்லை. "ஒம் புருஷன் பகல்லயே ஏத்திக்கிறான் போலடி. கதவு நெலையில முட்டிக்கிறான். மேசையில வச்ச வைனைக் கையால தட்டிவிடுறான். முந்தாநாள் எங்க வீட்டு நாயை மிதிச்சிட்டு நாய் மேல எரிஞ்சு விழுந்தான்" என்றாள். குடி மட்டும்தானா, வேறு எவளாவது இருக்கிறாளா? இருந்தால் சொல்லிவிடுங்கள். தெரியாமல் இருப்பதுதான் என்னைத் தின்கிறது.

குழந்தைக்கு ஞானஸ்நானம் ஆகிவிட்டது. ஜெம்மா என்று பெயர். தகப்பன் நிற்க வேண்டிய இடத்தில் ஃபோஸ்கோ நின்றான். யாரைப் போல இருக்கிறாள் என்று எழுத மாட்டேன். கைநீட்டும் தூரத்தில் காட்டினேன், பார்க்க மனமில்லை உங்களுக்கு. அக்டோபரில் நான் இறங்கி வரப்போவதில்லை.

இசோலினா

*

பண்ணை
அக்டோபர் 2

இசோலினா,

இதைப் படித்துவிட்டு அடுப்பில் போடு. கண்காணியின் காதுக்கு எட்டினால் என் பிழைப்பு அன்றோடு முடிந்தது.

குடியும் இல்லை, எவளும் இல்லை. ஜூலையில் எனக்குக் காய்ச்சல் வந்தது. நடுக்கம் என்றால் கட்டிலே ஆடியது. உனக்குப் பிள்ளை பிறக்கிற நேரம், நான் செத்துவிடக்கூடாது என்று பயம் பிடித்துக்கொண்டது. காய்ச்சலுக்குக் கொடுக்கிற கொயினா மாத்திரையைச் சொன்ன அளவுக்கு விழுங்காமல் கை நிறைய விழுங்கினேன். முதலில் காதுக்குள் மணி அடித்தது. பிறகு காதே கேட்கவில்லை. கண் விழித்தபோது சுற்றிலும் கறுப்பு. விடியவில்லை என்று நினைத்துப் படுத்திருந்தேன். நான்னி வந்து, "என்னடா, மத்தியானக் கஞ்சி குடிக்கலியா?" என்றான்.

காது திரும்பியது. கண்ணும் கொஞ்சம் திரும்பியது. நடுவில் மட்டும். நாணல் குழாய் வழியாகப் பார்க்கிற மாதிரி. நேரே இருப்பது தெரிகிறது, எழுத்துகூடத் தெளிவாகத் தெரிகிறது. பக்கத்தில் என்ன இருக்கிறது, யார் இருக்கிறார்கள், ஒன்றும் தெரியாது. சந்தையில் வரி வசூல்காரர் நேரே வந்தார். நீ பக்கத்தில் நின்றாய். என் குழந்தையோடு என் பக்கத்தில்தான் நின்றிருக்கிறாய். எனக்கு அது சுவர் கூட இல்லை, ஒன்றுமே இல்லை.

கடற்கரை ஊர் டாக்டரிடம் ஒளிந்து போய்க் காட்டினேன். கொயினா அளவு மீறினால் சிலருக்கு இப்படி ஆகுமாம். தேறலாம், தேறாமலும் போகலாம் என்றார். தேறவில்லை, இசோலினா. அந்தக் குழாய் சிறுத்துக்கொண்டே போகிறது. ஆகஸ்டில் நான்னியைப் பார்த்தால் முகம் முழுதும் தெரியும். இப்போது மூக்கைப் பார்த்தால் வாய் இல்லை, வாயைப் பார்த்தால் கண் இல்லை. மாடு திருப்புவதெல்லாம் மோராதான். நான் சும்மா மேலே உட்கார்ந்திருக்கிறேன்.

குழந்தை முகம் சின்னது. இன்றைக்கு இருக்கிற ஓட்டைக்குள் அது முழுசாக அடங்கிவிடும் என்று நினைக்கிறேன். இன்னும் கொஞ்ச நாள் போனால் அடங்காது. அதற்காகத்தான் கெஞ்சுகிறேன். அவளைக் கூட்டிக்கொண்டு இறங்கி வா. என் மேல் கோபம் இருந்தால் இருக்கட்டும். அவளை எனக்கு நேரே பிடித்துக் காட்டிவிட்டுத் திரும்பிப் போ.

எவாரிஸ்தோ

*

பிட்டிலியானோ
அக்டோபர் 13

எவாரிஸ்தோ அவர்களுக்கு,

உங்கள் கடிதத்தை அடுப்பில் போடவில்லை. ஃபோஸ்கோ என் கையிலிருந்து பிடுங்கிச் சாப்பாட்டு மேசையில் எல்லாருக்கும் உரக்கப் படித்தான். படித்து முடித்துவிட்டுத் தாளைத் தூக்கிக் காட்டினான். "கண்ணு தெரியாதவன் எழுத்தப் பாருங்கப்பா. ஒரு வரி கோணலா? ஒரு புள்ளி விட்டுப் போயிருக்கா? நம்ம பங்குச் சாமியார் எழுத்துகூட இப்படி இருக்காது. குருடனாம், குதிர ஏறுறானாம்!" அண்ணிகூடச் சிரித்தாள்.

நான் சிரிக்கவில்லை. ஆனால் நம்பவும் முடியவில்லை. எப்படி நம்புவது? தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். எழுத்து அச்சு மாதிரி இருக்கிறது. காதலித்த காலத்தில் எழுதியதைவிட நன்றாக இருக்கிறது. காய்ச்சல் வந்ததை ஏன் எழுதவில்லை? டாக்டரிடம் போனதை ஏன் எழுதவில்லை? குட்டி மிரண்டது என்று ஏன் புளுகினீர்கள்? ஒரு கடிதத்தில் பொய், அடுத்ததில் மெய் என்றால் எதை எடுத்து எதை விடுவது?

முகம் ஓட்டைக்குள் அடங்கும் என்று எழுதியதை மட்டும் ஃபோஸ்கோவும் இரண்டாம் தடவை படிக்கவில்லை. அதைப் படித்ததிலிருந்து எனக்குச் சரியாகத் தூக்கம் இல்லை. நிஜமாக இருந்தால் நீங்களே வந்து என் எதிரே நின்று சொல்லுங்கள். வாசல் திறக்குமா என்று என்னால் உறுதி சொல்ல முடியாது. இது என் வீடு இல்லை.

இசோலினா

*

பண்ணை
அக்டோபர் 27

இசோலினா,

எழுத்து ஏன் நேராக இருக்கிறது என்று கேட்டாய். ஒரு நேரத்தில் ஓர் எழுத்துதான் தெரிகிறது. அடுத்த எழுத்தை எங்கே வைப்பது என்று தெரியாததால் மரச்சட்டத்தைத் தாளில் வைத்து அதை ஒட்டியே எழுதுகிறேன். முன்பு உன்னை நினைத்துக்கொண்டு எழுதுவேன், கோணலாகப் போகும். இப்போது எழுத்தை மட்டும் பார்த்து எழுதுகிறேன்.

வருகிறேன். கல்லறைத் திருநாளுக்கு மறுநாள் காலையில் கிளம்புகிறேன். ஃபோஸ்கோவிடம் சொல்லிவிடு, திருட்டுத்தனமாக வந்தான் என்று இருக்கக்கூடாது. வண்டிப்பாதையில் வரமாட்டேன். வண்டி எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது என்று எனக்குத் தெரியாது, போன வாரம் ஒரு சக்கரம் மோராவின் காலை உரசிக்கொண்டு போனது. அந்தக் காலத்து எட்ருஸ்கர் சனம் விட்டுப்போன வெட்டுப்பாதை வழியாக ஏறி வருகிறேன். பாறையைப் பிளந்து வெட்டின வழி, இரண்டு பக்கமும் சுவர், குதிரை விலக இடமில்லை. எனக்கு ஏற்ற வழி அதுதான். பக்கங்களே கிடையாது. பாதையின் முகப்பில் வழக்கப்படி குரல் கொடுத்துவிட்டுத்தான் நுழைவேன். உள்ளே யாராவது இருந்தால் பதில் சொல்வார்கள், நான் ஒதுங்கி நிற்பேன்.

நேற்று ஒரு கோழி முட்டையைக் கை நீட்டிப் பிடித்துப் பார்த்தேன். முழுசாகத் தெரிந்தது. ஆப்பிள் முழுசாகத் தெரியவில்லை. குழந்தையைக் கொஞ்சம் தள்ளிப் பிடித்தால் தெரியும். நல்ல வெளிச்சத்தில் பிடிக்க வேண்டும், வெளிச்சம் குறைந்தால் அந்த நடுப்புள்ளியும் அணைந்துவிடுகிறது. கதவைத் திறக்காவிட்டால் ஜன்னலில் காட்டு. தெருவில் நின்று பார்த்துவிட்டுப் போகிறேன்.

எவாரிஸ்தோ

*

கடற்கரை ஊர் ஆஸ்பத்திரி
நவம்பர் 19

அன்பு இசோலினா,

எழுத்து வேறாக இருக்கிறதே என்று பயப்படாதே. மணிக்கட்டு முறிந்து பலகை வைத்துக் கட்டியிருக்கிறார்கள். நான் சொல்லச் சொல்ல இங்கே ஒரு கன்னியாஸ்திரி எழுதுகிறார். மணிக்கட்டுதான் காரணம், வேறொன்றும் இல்லை.

அடிபட்ட என்னைத் தூக்கிவந்து உன் வீட்டு அடுக்களையில் கிடத்தியிருந்தபோது எனக்குப் பேச்சு சரியாக வரவில்லை. அன்று நடந்ததைச் சொல்லிவிடுகிறேன், ஊரில் வேறு மாதிரி பேசுவார்கள். கிளம்பியபோது நல்ல வெயில். ஃபியோரா ஆற்றில் தண்ணீர் அதிகம். கடவு எங்கே என்று நான் தேடவில்லை, மோராவே இடம் பார்த்து இறங்கினாள். என் பூட்ஸுக்குள் தண்ணீர் ஏறியது. அக்கரையில் பன்றி நாற்றம் அடித்தது. எட்ருஸ்கர் கல்லறைக் குகைகளில் இப்போது பன்றி கட்டுகிறார்கள் அல்லவா, அதை வைத்து வெட்டுப்பாதை வாய்க்கு வந்துவிட்டேன் என்று தெரிந்துகொண்டேன்.

இறங்கி மோராவின் வாரை இறுக்கினேன். ரொட்டியில் பாதியை அவளுக்குக் கொடுத்தேன். ஏறிக்கொண்டு குரல் கொடுத்தேன். "வர்றேன்! உள்ள யாரு?" என்று. பதில் இல்லை. மறுபடி கூப்பிட்டேன். இன்னொரு தரமும் கூப்பிட்டேன். என் குரல்தான் திரும்பி வந்தது. நுழைந்தேன்.

உள்ளே சில்லென்று இருந்தது. மேலே மரங்கள் மூடிக்கிடக்க வெளிச்சம் அணைந்துபோயிற்று, அதோடு என் புள்ளியும் அணைந்தது. கடிவாளத்தைத் தளர்த்தி மோராவிடம் விட்டுவிட்டேன். பெரணிச் செடிகள் முகத்தில் தட்டின. இரண்டு முழங்காலும் பாறையில் உரசின. உனக்குப் பைத்தியமாகத் தோன்றும், எனக்குச் சந்தோஷமாக இருந்தது. ஜூலைக்குப் பிறகு முதல் தடவையாக நான் மற்றவர்கள் மாதிரி போய்க்கொண்டிருந்தேன். அங்கே யாருக்கும்தான் பக்கத்தில் ஒன்றும் தெரியாது. குழந்தையிடம் என்ன சொல்வது என்று யோசித்துக்கொண்டே போனேன்.

வளைவில் மோரா நின்றுவிட்டாள். கழுதை வாடை அடித்தது. பாதையில் எப்போதும் கழுதை வாடைதானே என்று நினைத்துக் குதிகாலால் குத்தினேன். அவள் போகவில்லை. மறுபடி குத்தினேன். அவள் எனக்குக் கீழ்ப்படிந்து பாய்ந்தாள், இசோலினா. எதிரே சுமையோடு நின்ற ஃபோஸ்கோவின் கழுதைகள் மேலேயே பாய்ந்தாள். அதற்குமேல் எனக்கு ஞாபகம் இல்லை. ஃபோஸ்கோவைத் திட்டாதே. பாறை குரலை விழுங்கியிருக்கும், அவன் காதில் விழுந்திருக்காது.

நினைத்து வந்தது நடந்துவிட்டது. குழந்தையைப் பார்த்துவிட்டேன். ஓட்டைக்குள் முழுசாக அடங்கினாள். எனக்கு அது போதும். நீ இங்கே வரவேண்டாம். கண்காணி வேறு ஆளைப் போட்டுவிட்டான், பண்ணைக் குடிசையும் போய்விட்டது. மோராவும் இல்லாமல் நான் எதற்கு? அண்ணன் வீட்டில் உனக்கும் ஜெம்மாவுக்கும் சோறு உண்டு. என்னிடம் என்ன இருக்கிறது, உன்னைக் கூப்பிட? இனி எழுதவும் வேண்டாம். நான் பார்த்த முகம் என்னிடம் இருக்கிறது, அதை வைத்துக்கொண்டு இருந்துகொள்வேன்.

எவாரிஸ்தோ

*

பிட்டிலியானோ
நவம்பர் 26

எவாரிஸ்தோ,

அம்மா, இதைப் படித்துக் காட்டுகிற கன்னியாஸ்திரி அம்மா, உங்களைக் கும்பிடுகிறேன். அவருக்கு வலிக்கும் என்று எந்த வரியையும் விட்டுவிடாதீர்கள்.

ஃபோஸ்கோவின் காதில் விழுந்தது. அவனே சொன்னான். மோராவின் கால் முறிந்து எலும்பு வெளியே வந்திருந்ததால் அவன்தான் துப்பாக்கி எடுத்துப் போய் அவள் கதையை முடித்தான். அதிலிருந்து அவன் சரியாகச் சாப்பிடுவதில்லை. போன ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டுத் தட்டைத் தள்ளிவிட்டு என்னிடம் சொன்னான்.

"கூப்பிட்டான்டி. மூணு தரம் கூப்பிட்டான். கழுதைங்க மேல கஷ்கொட்டை மூட்டை, நான் வளைவுக்கு மேல நிக்கிறேன். அவன் கொரலு எனக்குத் தெரியாதா? பதில் சொல்ல வாயி வந்துச்சு. வணக்கத்த எடுத்தவனுக்கு நானே மொதல்ல வாயத் தொறந்தா ஊரு என்னச் சிரிக்குமேன்னு மூடிக்கிட்டேன். எப்படியும் என்னப் பாத்துட்டுப் பின்வாங்குவான்னு நெனச்சேன். சத்தியமா கண்ணு தெரியாதுன்னு நம்பலடி. என் மூஞ்சிக்கு நேரா வந்தான். என் மூஞ்சியப் பாத்துக்கிட்டே குதிரையக் குத்துறான்."

நான் அவனை அடித்தேன். அண்ணி வந்து விலக்கிவிட்டாள். அவன் கையைத் தடுக்கக்கூட இல்லை. என்னை நானே எங்கே அடிப்பது? அந்த வணக்கத்தை எடுத்ததில் என் வாயும் இருந்தது. உன் கடிதம் வந்தது, நீ வருகிற நாளையும் வழியையும் அவனிடம் சொன்னேன். 'பதில் சொல்லு' என்று சொல்லத் தோன்றவில்லை. அது சொல்லித் தெரிய வேண்டிய விஷயமா என்று இருந்துவிட்டேன்.

இங்கே இனி என்னால் சாப்பிட முடியாது. சனிக்கிழமை தபால் வண்டியில் குழந்தையோடு கிளம்பி வருகிறேன். குடிசை இல்லாவிட்டால் இல்லை. கடற்கரை ஊரில் வலை பின்னுகிறார்கள், துணி வெளுக்கிறார்கள், எனக்குக் கை இருக்கிறது. நீ சொல்லி நான் கேட்டது போதும். சமவெளியில் இருக்காதே என்று அனுப்பிவைத்தாயே, அன்றே நான் கேட்டிருக்கக் கூடாது.

நீ ஏன் வராதே என்கிறாய் என்று எனக்குத் தெரியும். அடுக்களையில் வெளிச்சம் நன்றாக இருந்தது, வாசல் கதவை அகலத் திறந்து வைத்திருந்தேன். நீ எழுதினபடியே கொஞ்சம் தள்ளி, உன் முகத்துக்கு நேரே அவளைப் பிடித்தேன். நீ வெகுநேரம் பார்த்தாய். தலையைக்கூட அசைக்கவில்லை. ஃபோஸ்கோ சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டான். நீ சிரித்தாய். "அழகா இருக்காடி. கண்ணு அப்படியே உன்னோட கண்ணு" என்றாய். வண்டி வந்து உன்னைத் தூக்கிக்கொண்டு போகிறவரை நான் வாய் திறக்கவில்லை.

அவள் தூங்கிக்கொண்டிருந்தாள், எவாரிஸ்தோ. நீ இருந்த நேரம் முழுதும் அவள் கண்ணைத் திறக்கவே இல்லை.

உன் இசோலினா